குடிக்காத காப்பி

ஜூலை 8, திங்கள்

இவ்வீட்டின் வரலாற்றில் இன்று மறக்க முடியாத நாள். காலை உணவுக்குப் பின் கூடிய குடும்ப சபை, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, காப்பித்தூள் டப்பாவைச் சமையலறை மேல்தட்டிலிருந்து பீரோவுக்கு மாற்றுவதென்று தீர்மானித்தது. முன்மொழிந்தவள் என் மனைவி கண்ணாயி, வழிமொழிந்தவன் மகன் பிரபாகர். போன மாதம் நெஞ்சைத் திறந்து மூன்று பைபாஸ் போட்டுக்கொண்டு வந்தவன் என்பதால் எனக்கு வாக்குரிமை இல்லை. டாக்டர் காப்பியைக் குறைக்கச் சொன்னார், இவர்கள் ஒழித்துவிட்டார்கள். ஏற்காட்டு மலைக் கரடியூரில், மூன்று பக்கமும் காப்பிச்செடி நிற்கும் வீட்டில்.

ஜூலை 10, புதன்

பார்வையாளர்கள். ஏற்காட்டில் சீசன் முடிந்துவிட்டது, இங்கே முடியவில்லை. காட்சிமுனை என் நெஞ்சு. வருகிறவர்களெல்லாம் தையலைப் பார்க்க வேண்டுமாம். ஒருத்தி தடவியே பார்த்தாள், பப்பாளி அறுத்த பிசுபிசுப்பு விரலால். தொப்புளுக்கு மேலே எரிகிறது என்று சொன்னால் மட்டும் ஒரு முகத்திலும் சுவாரஸ்யம் இல்லை.

வெள்ளக்கடையிலிருந்து மைத்துனன் முருகன் வந்தான். “கேஸுங்க மாமா. நல்லா ஏப்பத்த உடுங்க, செரியாப்போயிரும்.” விட்டேன். அழுகிய முட்டை வாசம். என்னோடு ஒரே அறையில் இருக்க எனக்கே கூசியது.

பிறகு என் மாத்திரைகளைக் கட்டிலில் கொட்டி ஆராய்ந்தான். வெறும் வயிற்றில் போடுவதை மட்டும் தனியே எடுத்தான். “இது வெறும் கேஸ் மாத்திரைங்கக்கா. எலும்பக் கரைச்சுப்போடும்னு வீடியோவுல சொல்றாங்க. மாமாவுக்கு நெஞ்செலும்பு இன்னும் கூடவே இல்ல பாருங்க.” கண்ணாயி பயந்துபோனாள். மாத்திரை நிறுத்தப்பட்டது. கேஸ் என்று சொன்னவனே கேஸ் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். இதை நான் சொன்னபோது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வலி மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் தொடர்கின்றன. அவை நெஞ்சைச் சேர்ந்தவை, உயர்குலம்.

ஜூலை 13, சனி

வயிறு மத்தளம். மலம் தார் போல் கறுப்பு, அதே பசை. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். “நேத்துத் தின்ன பீட்ரூட்டுங்க” என்றாள் கண்ணாயி. தின்றது இரண்டு துண்டு.

ஜூலை 16, செவ்வாய்

செக்கப்புக்காகச் சேலம். அடிவாரம் வருமுன், ஒரு கொண்டை ஊசி வளைவில், வாந்தி. எனக்கு! பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் போய்வருகிறேன். சுற்றுலாக்காரர்கள் பஸ் ஜன்னலில் கக்குவதை ஏளனமாகப் பார்த்து வளர்ந்தவன்.

பிரபாகர் காரை ஓரம் கட்டினான். மூவரும் குனிந்து பார்த்தோம். கறும்பழுப்பாய், பொடிப்பொடியாய். வடிகட்டியில் மிஞ்சும் காப்பிச் சக்கை, அசல்.

“எங்கீங்க குடிச்சீங்க?” என்றாள் கண்ணாயி.

“குடிக்கல.”

“கண்ணு முன்னாடி கெடக்குது, குடிக்கலயாமா! சக்கையோட உட்டிருக்கறாரு பாரு சாமி.”

“பீரோச் சாவி உங்கிட்டத்தான இருக்குது?”

“ஊரு பூராக் காப்பி. எந்த ஊட்டுல நுழைஞ்சீங்களோ!”

பிரபாகர் தண்ணீர் பாட்டிலால் கழுவிவிட்டான். அதற்குள் ஒரு குரங்கு வந்து மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. விசாரணை நடத்தியது அது ஒன்றுதான்.

நெஞ்சு டாக்டர் நெஞ்சை மட்டும் கேட்டார். “ஹார்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“வயிறுங்க...”

“காப்பி குடிச்சிட்டீங்களாமே?” சிரித்தார். “மலை ரோடு வேற. கேஸ்தான்.”

இத்தனை வருடம் மருத்துவம் படித்தவரும் வெள்ளக்கடை முருகனும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தார் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 17, புதன்

குடித்ததாக ஒப்புக்கொண்டால் மன்னித்துவிடுகிறாளாம். மாட்டேன்.

ஜூலை 18, வியாழன்

காவல். கண்ணாயி என் கட்டில் ஓரத்திலேயே இருக்கிறாள். குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. அடிக்கடி வாயை ஊதிக் காட்ட வேண்டும், போலீஸ் மடக்கியது போல. நிற்கும்போது தலை சுற்றுகிறது. சொன்னால், “நடிக்காதீங்க.” — நான் யாரிடம் போய்ச் சொல்வது? இந்த வயிற்றை யார்தான் நம்புவார்கள்?

ஜூலை 24, புதன். ஆஸ்பத்திரி.

பேனா பிடிக்க இன்றுதான் முடிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது.

ரசஞ்சோறு இரண்டு வாய். உடனே கட்டிலடியில் வைத்திருந்த பேசினில் — அதே சக்கை, இம்முறை நிறைய. கண்ணாயி கத்தவில்லை. பேசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலை விட்டு, தேய்த்து, மோந்தாள். எனக்குக் குமட்டியது. அவளுக்கு இல்லை.

“இது காப்பி இல்லீங்க. ரெண்டு நாளா உங்கள உட்டு நகரல நானு, எங்க போயிக் குடிப்பீங்க? டேய் பிரபாகரு, காரை எடு!”

“டாக்டரு கேஸ்னு சொன்னாரில்லம்மா...”

“அந்தாளு கெடக்கறான். எடுடா!”

பேசினில் இருந்ததைத் தூக்குப்போசியில் ஊற்றி மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை வளைவிலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவசரப் பிரிவில் இருந்த டாக்டரிடமும் பிரபாகர் காப்பிக் கதையை ஆரம்பித்தான். கண்ணாயி மூடியைத் திறந்து அவர் மேஜையில் வைத்தாள்.

“ஏனுங்க டாக்டரு, காப்பிதானுங்களே? ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

அவர் பார்த்தார். எழுந்து ஓடினார்.

இரைப்பையில் புண், அதில் ஒரு ரத்தக்குழாய் திறந்து கிடந்திருக்கிறது. வயிற்று அமிலத்தில் ரத்தம் இப்படித் திரிந்துவிடுமாம். தாரும் அதுதான். வாய்வழியே குழாய் விட்டு அடைத்தார்கள். யார் யாருடைய ரத்தமோ ஏறியது. நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் இப்படி வருவது மருத்துவத்துக்குப் புதிதல்லவாம். வயிற்று டாக்டர் கண்ணாயியிடம் கேட்டது ஒன்றுதான்: “காலையில வெறும் வயித்துல, புண்ணு வராம இருக்க ஒண்ணு போடச் சொல்லியிருந்தாங்களே, அது என்னாச்சு?”

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைப் பற்றி நெஞ்சு டாக்டரும் வயிற்று டாக்டரும் என் கட்டிலுக்கு இருபுறமும் நின்று, என்னைத் தாண்டி வாதாடினார்கள். நிறுத்தினால் புது பைபாஸ் அடைக்கும் என்றார் ஒருவர். நிறுத்தாவிட்டால் பைபாஸை வைத்துக்கொள்ள ஆள் இருக்காது என்றார் மற்றவர். வயிறு ஜெயித்தது. நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 26, வெள்ளி

முருகன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். “நான் அப்பவே சொன்னேங்க மாமா, கோளாறு வயித்துலதான்னு.” பழத்தை அவனே உரித்துத் தின்றான். கொட்டைகளை என் மாத்திரை டப்பாவின் மூடியில் துப்பினான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தோட்டத்து மேட்டில் ஏறும்போது நெஞ்சில் இறுக்கம். சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். போட்ட மூன்று பைபாஸில் ஒன்று அடைத்துவிட்டது.