அறுபத்தோராம் குடம்

நலமே பெருகுக. மும்மலையும் ஓராறும் உடைய செம்பாறை நாட்டை முறைவழுவாது ஆளும் மாமன்னர் திண்தேர்ச் சேந்தனார் திருச்சமுகத்துக்கு, குவளை நாட்டு வேந்தர் ஆணைப்படி அமைச்சர் பெருஞ்சாத்தன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழையும் விளைவும் குறைவற நிற்க.

ஊழித்தீக் குடம் ஒன்று உடைந்தால் ஓர் ஊர் மிஞ்சாது என்பதை இரு நாடும் பட்டறிந்தோம். ஆகவே நாட்டுக்கு அறுபது குடமே என்றும், ஒன்று மிகினும் மற்றவர் படை எல்லை கடக்கலாம் என்றும் உடன்படிக்கை செய்து, ஒருவர் கிடங்கை மற்றவர் எண்ணிப் பார்க்க இளையோரைப் பழக்கிவருகிறோம். எங்கள் பயிற்சிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வு நாளில் ஆசிரியர் நன்னாகனார் மணற்குடம் ஒன்றை எங்கள் கிடங்கில் கலந்து வைப்பார். அறுபத்தொன்று என்பவரே தேறியவர்.

சென்ற திங்கள் செங்கோதை என்னும் மாணாக்கி அறுபத்தொன்று என்றாள். தேர்ச்சி ஓலை வாங்க ஆசிரியர் அறைக்குப் போனாள். மணற்குடம் அங்கேயே மூலையில் இருந்தது. அன்று அதை வைக்க அவர் மறந்தே போயிருந்தார்.

முன்னர் அறுபத்திரண்டு என்று சொன்ன எண்மரை, எண்ணத் தெரியாதவர் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டதும் பின்பு தெரிந்தது. வழக்கத்தைக் கேள்விப்பட்டு, எண்ணாமலே விடை சொன்னவர்கள் தேறிவிட்டார்கள். தங்கள் கிடங்கை எண்ண வந்தவர்கள் அவர்களே; எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மிகுந்த குடத்தைப் புதைத்துவிடலாம், வெளியே சொன்னால் நாட்டின் மானம் கப்பலேறும் என்று கிடங்குத் தலைவர் செங்கோதையை வற்புறுத்தினார். மறுத்தால் அவளுக்குப் பயிற்சிக்கூடத்தில் இடமில்லை என்றும் மிரட்டினார். அஞ்சி அழுதாலும் அவள் அசைந்து கொடுக்கவில்லை. எண்ணியதை மறைத்து அறுபதென்று கைச்சாத்திட மாட்டேன் என்றும், தன் தேர்ச்சியை வேண்டுமானால் எடுத்துக்கொள்க என்றும் சொல்லி, நேரே வேந்தர் அவைக்கு வந்துவிட்டாள். வேந்தர் அவள் சொல்லையே ஏற்றார். எண்மரும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

தங்கள் படை புறப்படுமுன் தங்கள் இளையோர் வந்து, அக்குடம் அழிவதைக் கண்ணாரக் காண்க. அதுவரை எங்கள் கிடங்கை நாங்களே திறக்க இயலாது, மறுசாவியை உருக்கிவிட்டோம். இருக்கும் சாவியைச் செங்கோதையே கொண்டுவருகிறாள். சினம் இருப்பின் அது எங்கள்மேல் ஆகுக, அவள்மேல் வேண்டா.

இங்ஙனம் குவளை முத்திரை பொறித்து விடுத்தோம். ஓலை ஒன்று, சாவி ஒன்று, எண்ணிப் பெற்றுக்கொள்க.