ஒன்றரை லோடு மண்

சிவாஜிநகர், பெங்களூர்
16.5.1999

அன்புள்ள மகன் தாமோதரனுக்கு அம்மா மரகதம் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை வீணாவும் முனீஸ்வரன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு உண்டோ இல்லையோ, கேட்கிறேன். ஏழு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. வீணாவுக்கு நீ எழுதும் கடிதத்தின் அடியில் அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்று ஒரு வரி இருக்கும், அவள் படித்துக் காட்டுவாள், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சரி என்பேன், அவ்வளவுதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கை விழுந்துவிட்டதோ என்று பயப்படாதே, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வீணாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் பெயர் ராஜேஷ்குமார், பொம்மசந்திராவில் ஃபிட்டர் வேலை, குடி கிடையாது, அதிகம் பேச மாட்டான், நம் வீட்டில் பேசுவதற்குத்தான் ஆள் இருக்கிறதே. ஆவணியில் கல்யாணம். நிச்சயத்தன்று அவன் அம்மா பொண்ணுக்கு அண்ணன் எங்கே என்று கேட்டாள், லீவு கிடைக்கவில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். எல்லோரும் போன பிறகு வீணா என்னிடம் வந்து, அண்ணன் வந்து என் கையில பொரி போடலன்னா நான் மணையில உக்கார மாட்டேன், நீயே உக்காந்துக்கோ என்றாள். அவளுக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்கா கூட, மரகதம், பையனுக்கு ஒரு லெட்டர் போட்டா உன் கை தேஞ்சா போயிடும் என்று கேட்டாள். அன்றைக்கு அவளையும் திட்டி அனுப்பினேன்.

இப்போது வேலை விஷயம். மாசிக் கடைசியில் மல்லேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் லான் போடக் கூப்பிட்டார்கள். பொம்மசந்திரா வேலைக்குப் பிறகு நான் லாரிக் கணக்கில் மண் கேட்கும் வேலை எதையும் எடுத்ததில்லை, உனக்கு அது தெரியாது. பங்களா வீட்டில் நாலு முழம் புல் வைப்பது, கூடையில் மண் சுமந்து கொட்டுவது, அதோடு சரி. உன் அப்பா காலத்திலும் அப்படித்தானே, கூடை கூடையாகக் கொட்டுவோம், பெண்கள் மேலே நடந்து நடந்து மிதிப்பார்கள், பள்ளம் தெரிந்தால் இன்னும் நாலு கூடை, எவ்வளவு மண் போயிற்று என்று யார் கணக்குப் பார்த்தது. இந்தப் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே எத்தனை லோடு என்று எழுதிக் கேட்டார்கள். முப்பதடிக்கு நாற்பதடி, அரையடி உயரம், ஒரு லாரிக்கு இருநூறு கன அடி, மூன்று லோடு என்று எழுதிக் கொடுத்தேன். லாரிக்காரர் கிருஷ்ணப்பா மூன்று நடை அடித்தார், மூன்றுக்கும் நான் பக்கத்தில் நின்றேன். நாலு பக்கமும் சுவர், ஒரே ஒரு கதவு, பரீட்சை லீவு, சாவி என் இடுப்பில். பரப்பி முடித்ததும் கம்பியைக் குத்திப் பார்த்தேன், சரியாக ஆறு அங்குலம். பன்னிரண்டு நாள் தண்ணீர் விட்டோம், நடுவில் இரண்டு மழை. புல் நடும் அன்று மறுபடி கம்பியைக் குத்தினேன். நாலரை. வேறு இடத்தில் குத்தினேன், அங்கேயும் நாலரை. இருபது இடத்தில் குத்தியிருப்பேன் தம்பி, பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குப் பொம்மசந்திராவில் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் செய்ததை நானே எழுத வேண்டும். அந்தக் கம்பெனி வாசலில் அறுபதுக்கு நாற்பது, ஆறு லோடு என்று கணக்குப் போட்டவள் நான். ரெண்டு லோடு சேத்துக் கேளும்மா என்று நீ சொன்னாய், மண்ணுக்கு வரதட்சணையா கொடுக்கிறோம் என்று உன் வாயை அடைத்தேன். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது லாரிகளை எண்ணி இறக்கியது நீ. பத்து நாள் கழித்து நான் எழுந்து வந்த அன்று அவர்கள் இன்ஜினியர் கம்பியைக் குத்தி நாலரைதான் இருக்கிறது, ஒன்றரை லோடு மண் எங்கே மேஸ்திரி என்று கேட்டார். போட்ட அன்னிக்கு ஆறு இருந்துச்சும்மா, நானே குத்திப் பார்த்தேன் என்று நீ அழாத குறையாகச் சொன்னாய். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மண்ணை வழியிலேயே வித்துட்டான் என்று பத்துப் பெண்களுக்கு நடுவில் உன்னைச் சொன்னேன். அது போதாமல் கேட்டுக்கு வெளியே இருக்கிற முனீஸ்வரன் கல் முன்னால் கற்பூரம் ஏற்றி, அணைச்சு சத்தியம் பண்ணுடா என்றேன். நீ உள்ளங்கையை வைத்து அணைத்தாய். அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். திருட்டுக் கைக்கு எங்கே சுடப் போகுது என்று சொன்னேன். பெற்றவள் சொல்கிற சொல்லா அது. அடுத்த மாதம் நீ பாஸ்போர்ட்டோடு போய்விட்டாய், போனது நல்லதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மண் எங்கேயும் போகவில்லை அப்பா. லாரியில் பொலபொலவென்று வருகிற மண் தண்ணீர் பட்டால் நாலில் ஒரு பங்கு அமுங்கிவிடுகிறது. கிருஷ்ணப்பாவிடம் கேட்டதற்கு, இது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே, நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே என்றார். யாரையும் கேட்கிற வழக்கம் உன் அம்மாவுக்கு இருந்ததில்லை.

உனக்கு மட்டும் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டால் அது நியாயம் ஆகாது என்று தோன்றியது. உன்னைப் பத்துப் பேர் முன்னால்தானே சொன்னேன். போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அன்றைக்கு வேலை செய்த பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன், இரண்டு பேர் செத்துவிட்டார்கள், மற்ற எட்டுப் பேரும் வந்தார்கள். பஸ் பிடித்துப் பொம்மசந்திரா போனோம், கல் அங்கேயே இருக்கிறது, பக்கத்தில் டீக்கடை வந்திருக்கிறது. என் மகன் ஒரு கூடை மண்ணைக் கூட விக்கல, என் கணக்குதான் தப்பு என்று சத்தமாகச் சொல்லிக் கற்பூரத்தை ஏற்றி அணைத்தேன். உடனே கையை எடுக்கவில்லை. கூட வந்த லட்சுமம்மாதான் ஹோகலி பிடு அக்கா, ஆனது ஆயிப்போச்சு, விட்டுடு என்று இழுத்தாள். அதனால்தான் எழுத்து இப்படி. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது, இன்றோடு ஒன்பது நாள், இன்னும் காந்துகிறது. உனக்கு எத்தனை நாள் காந்தியது என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. சோறு பிசைந்து சாப்பிட்டாயா, யாராவது மருந்து போட்டார்களா, ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. இப்போது கேட்கிறேன், பதில் எழுது.

என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், நான் வற்புறுத்த மாட்டேன், அது எனக்குப் புதுப் பழக்கம். உன் அப்பாவும் முனீஸ்வரனும் உனக்குத் துணை இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் நிற்காதே. அங்கேயும் நீ தோட்ட வேலைதானே பார்க்கிறாய், ஆறு அங்குலம் வேண்டுமென்றால் எட்டு அங்குலத்துக்கு மண் கேள், நீ அன்றைக்குச் சொன்ன கணக்குதான் சரி, ஆறுக்கு எட்டு. முகூர்த்தம் ஆவணி பதினொன்று, வெள்ளிக்கிழமை. தங்கை கையில் பொரி போட வேண்டியது அந்தக் கைதான், அதை நான் எல்லோர் முன்னாலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா,
மரகதம்