குளிர வை என்று நீ சொன்ன சாயங்காலம்

இன்று காலை ராயகிரியிலிருந்து பூ கொண்டு வந்தவரின் மொபெட் என் கமிஷன் கடை வாசலில் இருமி இருமி நின்றுபோனது. மனுஷன் பூ மூட்டையை இறக்கவில்லை. முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, வாயால் ஊதினார். பிச்சிப்பூ வாசத்துக்கு நடுவே பெட்ரோலும் கரியும் கலந்த அந்த நெடி ஒரு வீச்சு வீசியது. தராசில் கிடந்த பூவை அப்படியே விட்டுவிட்டு நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம்.

“என் வண்டி நின்னா உங்களுக்குச் சிரிப்பா இருக்கா, அண்ணாச்சி?”

உன்னை நினைத்துச் சிரிக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? கல்லாப்பெட்டியைத் திறந்து உன் பிளக்கை எடுத்துக் காட்டினேன். “இது ஏரோப்ளேன் பிளக்கு. இதுவும் ஒரு நாள் இப்படித்தான் காலை வாரிச்சு” என்றேன். அவர் நம்பவில்லை. விட்டுவிட்டேன். நம்பாதவரிடம் பூ விற்கலாம், கதை விற்க முடியாது.

நாம் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நான் பூக்கூடை சுமந்தேன், கூடையை மூட்டையாக்கி, மூட்டையைக் கடையாக்கினேன். நீ லாரிப் பட்டறையில் ஆரம்பித்து, வெளியூர் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, விமான இன்ஜினைப் பார்க்கிறவனாகி, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் நம் ஊரிலிருந்து போய்வருகிற தூரத்தில், கரிசல்காட்டு நடுவே ஓடுதளம் வைத்திருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வந்து உட்கார்ந்தாய். இத்தனை வருஷமும் விமானத்தின் வயிற்றுக்குள் கையை விட்ட நீ ஒரு நாளும் அதில் ஏறிப் பறக்கவில்லை. கேட்டால் ஒரு பழமொழி வைத்திருப்பாய்: “ஓட்டுறவன் ஒருத்தன், ஒட்டுறவன் ஒருத்தன்.” மேலும் குடைந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாய்: “நான் கீழ நின்னாத்தான் வே, மேல போனவன் இறங்குவான்.”

பயந்தாங்கொள்ளி என்று நான் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். உன் வீட்டம்மா, என் மதினி, அதற்கும் மேலே போவார்கள். “தபசுத் திருநாளுக்கு ராட்டினத்துல ஏத்துனாலே கண்ண இறுக்க மூடிக்கிடுவாக. இவுகளாவது, ஏரோப்ளேனாவது.”

அதனால்தான் நீ ஓய்வு பெறுகிற நாளன்று உன்னை ஏற்றிவிடுவது என்று நானும் மதினியும் கூடிப் பேசினோம். பள்ளிக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். வேலையில் இருக்கும்வரை நீ அவர்கள் ஆள். மறுநாள் நீ வெளியாள், ஏற்ற மாட்டார்கள். ஆக அன்றைக்கு விட்டால் இல்லை. ஓடுதளத்தில் விளக்கும் கிடையாது, பொழுது சாய்வதற்குள் போய் இறங்கிவிட வேண்டும். மேலே இருந்து வீட்டை அடையாளம் கண்டுகொள்ள, மொட்டைமாடியில் தன் கல்யாணச் சிவப்புப் பட்டுச்சேலையை விரித்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பதாக மதினி சொல்லியிருந்தார்கள். “வந்து பாக்கலேன்னா வீட்டுப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லி அனுப்பியதும் அவர்கள்தான்.

நான் சும்மா வருவேனா? வேன் நிறைய எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம், ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. மாலையைப் பார்த்ததும் நீ முறைத்தாய்.

“இது யாருக்கு வே?”

“காத்தாடிக்கு.” விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியை நாம் அப்படித்தான் சொல்வோம்.

“காத்தாடியில மாலையக் கட்டினேன்னா, அடுத்த மாலை உனக்குத்தான். எடு அங்கிட்டு.”

மாலை உன் கழுத்தில் விழுந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்க மட்டும் சம்மதித்தாய். விமானி கோயம்புத்தூர்ப் பொண்ணு, கெட்டிக்காரி. அவள் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருக்க, நாம் கயிறு கட்டிய இடத்துக்கு வெளியே, ரொம்பத் தள்ளி நின்று, சூடம் ஏற்றினோம். காற்றுக் காலம். போதாததற்கு அந்தக் காத்தாடி காற்று வேறு. ஏற்ற ஏற்ற அது அவிந்துபோனது. இன்ஜினை நிறுத்தினால்தான் கதை நடக்கும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கேதான் நம் ஊர் புத்தி வேலை செய்தது. மற்ற நாளாக இருந்தால் கழுத்தை அறுப்பதுபோல் ஒரு கை காட்டுவாய், அதுதான் இன்ஜினை நிறுத்தச் சொல்லும் சைகை. சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தறுப்புக் காட்ட உனக்கு மனசு வரவில்லை. ‘அணை’ என்று வாயால் சொல்லவும் வரவில்லை. அம்மன் விளக்கை நாம் அணைப்பதா? குளிரத்தானே வைப்போம். நீ அந்தப் பொண்ணு பக்கம் போய், ஜன்னலோரம் நின்று, பவ்வியமாகக் கத்தினாய்:

“இன்ஜின குளிர வையிம்மா.”

அவள் தலையாட்டினாள். உங்கள் தொழிலில் சூடான இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஆற்றுவது என்று ஒன்று இருக்கிறதாம். பெரியவர் சொல்கிறாரே என்று அவள் இன்ஜினைக் குறைத்து, குறைத்தபடியே வைத்துக்கொண்டிருந்தாள். நீ அவள் இப்போது நிறுத்துவாள், இப்போது நிறுத்துவாள் என்று தட்டோடு நின்றாய். அவள் நீ எப்போது போதும் என்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வேன் கதவுக்கு உள்ளே குனிந்து ஒரு சூடத்தைப் பிழைக்கவைத்து, கும்பிட்டு முடித்தோம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை.

புறப்படுமுன் அவள் இன்ஜினை உறுமவிட்டுச் சோதித்தாள். விமானம் உடம்பெல்லாம் உதறியது, குளிர்ஜுரம் கண்ட மாடு மாதிரி. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்கு இரண்டு தனித்தனிக் கரண்ட் வழி, ஒன்று படுத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகும் என்று முன்னமே நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். வியாபாரிக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஒரு வழி படுத்திருக்கும்போது மேலே கிளம்ப உங்கள் சட்டம் விடாது. பெட்ரோலைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, அழுக்கை எரித்துத் தள்ளப் பார்த்தாள். உதறல் நிற்கவில்லை. ஒருவழியாக இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

“ஏனுங்கண்ணா, அத்தனை நேரம் மெதுவா ஓடவுட்டா பிளக்கு கரி புடிக்காதுங்களா? நீங்கதானுங்க ஆறவைக்கச் சொன்னீங்க.”

“நான் எங்க ஆறவைக்கச் சொன்னேன்? குளிர வைன்னேன்.”

“அதானுங்க.”

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஊரான் இன்ஜினையெல்லாம் காப்பாற்றியவன், தன் பயணத்தைத் தானே ஒரு சொல்லால் கரியாக்கிக்கொண்டான். நீ சிரிக்கவில்லை. மேற்கே மலைப்பக்கம் பார்த்தாய். வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. “சரி, நாளைக்கு நான் இல்ல. இது என் தலையில எழுதல போலுக்கு” என்றாய்.

“நாலு சிலிண்டர்ல எந்தப் பிளக்குன்னு தேடவே பொழுது போயிரும், அப்படித்தானே?” என்றேன்.

அது உனக்குச் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

“தேடணுமா? யாருகிட்ட பேசுத?”

படுத்த கரண்ட் வழியில் மட்டும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னாய். நிறுத்தியதும் சாவியை வாங்கி உன் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாய். சாவி பையில் இல்லாமல் காத்தாடிக்குப் பக்கத்தில் நீ கை வைத்ததே இல்லை. மூடியைத் திறந்து, என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி, ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்குழாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டாய். முதலாவது சொய்ங் என்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தண்ணீர் பேசாமல் வழிந்து இறங்கியது. நீ அதைத் தொட்டுப் பார்த்தாய்; பிளக் எரியாத சிலிண்டர், சூடே இல்லை. அப்புறம்தான் சிரித்தாய்.

“இந்தா, இவன்தான். நான் சொன்னத இவன் ஒருத்தன்தான் வே சரியாக் கேட்டிருக்கான். குளுந்துட்டான்.”

வயரைக் கழற்றி, நீளக் குழாய்ச் சாவியை மாட்டி ஒரு திருப்பு. வெளியே வந்த பிளக்கின் வாயில் கரி அப்பிக் கிடந்தது. கருப்பட்டியை நக்கிய பிள்ளை வாய் போல. புதுப் பிளக்கை வெறும் விரலால் திருகி ஏற்றினாய். “மொதல்ல கை சொல்லணும், அப்புறம்தான் சாவி” என்றாய். பிறகு அளவுச் சாவியால் டக்கென்று சத்தம் வரும்வரை இறுக்கினாய். வேலையைப் பார்த்தவனே சரி என்று சொன்னால் போதாதாம், பள்ளியின் இன்னொரு இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பார்க்கவைத்தாய். மறுபடி உறுமல். இந்தத் தடவை உதறல் இல்லை. தறி ஓடுவதுபோல் ஒரே சீர்.

ஏறப் போன நீ படியில் கால் வைத்துவிட்டு நின்றாய். நிஜமான பயம் அப்போதுதான் தெரிந்தது.

“கீழ ஆளு வேணும் வே.”

“நான் நிக்கேன்லா. பூ விக்கவனுக்கு நிக்கத் தெரியாதா? போ.”

நீ போனாய். என் கண்ணுக்கு அது கொக்கு அளவாகி, ஈ அளவாகி, இல்லாமல் போனது. நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வேன் டிரைவர் டீ குடிக்கக் கூப்பிட்டான், போகவில்லை. இப்படி ஒன்றுக்காக நான் வியாபாரத்தில்கூட நின்றதில்லை. வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே இறங்கினாய். மாலையில் ஒரு இதழ்கூட இல்லை, வெறும் நார் கழுத்தில் தொங்க, பிள்ளை மாதிரி ஓடி வந்தாய்.

“நம்ம கோயில் கோபுரம் மாவிளக்கு கணக்கா இருக்கு வே. சின்னதா, வெள்ளையா.”

“மதினி?”

“எங்கன கண்டுபிடிக்க? தெரு பூரா செகப்புச் சேலை. எவன் போய்ச் சொன்னான் ஊருக்கெல்லாம்?”

சொன்னவன் நான்தான். “எல்லா வீட்டுக்கும் கையக் காட்டிட்டு வந்தேன்” என்றாய். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் மதினி அதற்காக உன்னைப் பேசின பேச்சை நான் எழுதப் போவதில்லை.

போன மழைக்காலத்தில், உன்னைக் கிடத்தியிருந்தபோது, கையைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மாற்ற ஸ்பேர் இல்லாத இடம். அவ்வளவுதான் அதைப் பற்றி. மாலை நான்தான் கட்டினேன். அடுத்த மாலை யாருக்கு என்பதில் உன் கணக்கு தப்பிவிட்டது.

அன்றைக்கு நீ கழற்றிய பிளக் என் கல்லாவில் கிடக்கிறது. வியாபாரம் உதறினால் அதைக் கையில் எடுத்து உருட்டுவேன். பேச்சுவார்த்தை இல்லாமல், பூ விளைவிக்கிற எந்தச் சம்சாரி குளிர்ந்துபோயிருக்கிறான் என்று யோசித்து, சிவகிரியோ மேலநீலிதநல்லூரோ, அவன் வீட்டுக்கே போய்விடுவேன். பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

பயிற்சி விமானங்கள் இன்னும் சில சாயங்காலம் மார்க்கெட்டுக்கு மேலே போகின்றன. சத்தம் கேட்டால் தராசை விட்டு வெளியே வந்து நின்றுவிடுகிறேன். நேற்றும் நின்றேன். பூக்கட்டுகிற பிள்ளை ஒருத்தி பொறுமை இழந்துவிட்டாள்.

“பிச்சி என்ன வெல, அண்ணாச்சி? அங்கன என்ன பாக்கிய?”

“இரு மக்கா” என்றேன். “மேல ஆளு போகுது. நான் கீழ நிக்கேன்.”