துரைக்கு அளவெடுத்த ட்ரே

அன்புள்ள அம்முவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் பூனை துரையும் ஏதோ இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

போனில் துரை எப்படி இருக்கான் என்று நீ கேட்டபோது நல்லா இருக்கான் என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாயில்லை. நீ வாங்கி அனுப்பிய மூடி போட்ட லிட்டர் ட்ரே, அதான் அவன் கக்கூஸ், மாளிகை மாதிரிதான் இருக்கிறது, அவன் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நேராக வந்து வாசல் மிதியடியில் அசிங்கம் பண்ணிவிடுகிறான். துடைத்துத் துடைத்து என் இடுப்பு கழன்றுவிட்டது, நாற்றம் மாடிப்படி வரைக்கும் போய், கீழே இருக்கிற ஓனரம்மா ஒண்ணு பூனை போகணும், இல்லேன்னா நீங்க போகணும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். எனக்கும் யாரிடமாவது கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தது, அவ்வளவு அலுப்பு. அப்பாதான் இன்ச் டேப்பை எடுத்தார். தையற்காரர் புத்தி எங்கே போகும், மூடிதான் அவனுக்குப் பிடிக்கல, திறந்த ட்ரே அளவா வாங்கிடுவோம் என்றார். துரை நின்று அளவு கொடுக்கிற ஆளா, அதனால் அவன் சுருண்டு தூங்கும்போது எடுத்தார். கடைக்காரர் பெரிசா எடுங்க சார் என்றதற்கு, எனக்கே அளவு சொல்றியா என்று வீம்பு வேறு. வீட்டில் வைத்துப் பார்த்தால் துரையின் முன்பாதி உள்ளே, பின்பாதி வெளியே. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

அப்புறம் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மண்ணைக் கொட்டி வைத்தோம், அதற்கும் அவன் மசியவில்லை. அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன், முன்காலை விளிம்பில் வைக்கிறான், பின்காலைத் தூக்க முடியாமல் இறங்கிவிடுகிறான். பாவம், இத்தனை நாள் அதைத் திமிர் என்று திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மூட்டு தேஞ்சிருக்கும்மா, வயசாச்சு, ஏறாம உள்ளே போற மாதிரி வைங்க என்றார். அப்பா சட்டைக்குக் கழுத்து வெட்டுவதுபோல் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வளைத்து அறுத்து, குத்தாமல் இருக்க விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். துரை மெதுவாக உள்ளே போனான், ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தான். தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்க என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது, அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஓனரம்மா வந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள், ஆகவே துரை இங்கேதான் இருப்பான், கவலையை விடு. நோய்நொடி இல்லாமல் மகராசியாக இரு, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, ஆசைப்பட்டு இன்னொரு ட்ரே வாங்கி அனுப்பிவிடாதே. லீவு கிடைத்தால் வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், இந்தத் தடவை கேட்டு வாங்கு. காலிங் பெல் அடித்தால் நீயாக இருக்கும் என்று அவனும் அப்பாவும் இப்போதும் எழுந்து கதவுக்கு வருகிறார்கள், முன்னைவிட நேரமாகிறது, அவ்வளவுதான். அவர்கள் எழுந்து வருகிற காலத்திலேயே வந்துவிடு கண்ணு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா