இருபது என்று எழுதியவள்

முதலில் என்னை மன்னித்துக்கொள். எழுதவே கூடாது என்றுதான் இரண்டு வருடம் இருந்தேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியைக்கூட முழு வாக்கியமாக அனுப்பாதவள் நான். 'ம்', 'சரி', 'அப்பறம்', அவ்வளவுதான் என் விரலுக்கு வரும். இப்போது, படிக்க நீ இல்லை என்று உறுதியான பிறகு, தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு கோழைத்தனம் இருக்கிறது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை என் வார்டில் ஒரு கட்டு சார்ட்டைப் பார்த்தேன். அதனால்தான் இது. நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனைக்கு நர்சிங் மாணவிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எட்டுப் படுக்கைக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் பார்த்து எழுதி, அட்டைகளை மேசையில் அடுக்கிவைத்துவிட்டு நின்றாள். காய்ச்சல் எட்டுப் பேருக்கும் எட்டு விதமாக இருந்தது. நாடியும் அப்படியே. மூச்சு மட்டும் எட்டுப் பேருக்கும் நிமிடத்துக்கு இருபது. நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், எட்டு இருபதுகள்.

என் கையெழுத்தைப் பார்ப்பது போலவே இருந்தது.

முதல் வருடம் நமக்கு மூச்சு எண்ணச் சொல்லிக்கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? "மூச்ச எண்ணப் போறேன்னு பேஷன்ட்கிட்ட சொல்லிட்டீங்கன்னா அவங்க மூச்சு மாறிடும். அதனால சொல்லக் கூடாது. நாடி பாத்து முடிச்சதும் கைய எடுக்காதீங்க. இன்னும் நாடி பாக்குற மாதிரியே புடிச்சுக்கங்க. கை மணிக்கட்டுல, கண்ணு நெஞ்சுல. முழுசா ஒரு நிமிஷம்," என்றார் மேடம். பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் எண்ணச் சொன்னார். எனக்கு நீ வந்து வாய்த்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்ததும் நீ சிரிக்க ஆரம்பித்துவிட்டாய்.

"இது நடக்காதுடி. ஒனக்கும் வித்த தெரியும், எனக்கும் வித்த தெரியும். நம்ம ரெண்டு பேரும் சாவுற வரைக்கும் ஒருத்தர் மூச்ச ஒருத்தர் எண்ண முடியாது."

மேடம் திரும்பிப் பார்த்தார். நான்தான் திட்டு வாங்கினேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? உன்னை எனக்கு முதல் நாளிலிருந்தே பொறுக்கவில்லை. நீயும் தமிழ் மீடியம்தான், நானும்தான். உன் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த ஆள் யாரும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. அரிமளத்திலிருந்து லோடு ஆட்டோ ஓட்டும் அப்பா பெட்டியோடு என்னைக் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது. நீ ஆவூரிலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்து, வார்டனிடம் "மேடம், பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டாய். எலும்புகளின் பெயர்களை நான் விடிகாலையில் எழுந்து மனப்பாடம் செய்வேன். நீ உன் கையையும் காலையும் தட்டித் தட்டிப் படிப்பாய். மதிப்பெண் எனக்கு வரும். ஆட்கள் உன்னிடம் வருவார்கள்.

படுக்கை விரிப்பதில்கூட என் விரிப்பின் மூலைகள் உன்னுடையதைவிடக் கச்சிதம். நாற்பத்தைந்து டிகிரி மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. ஆனால் எந்த நோயாளியும் மூலையைப் பார்த்து யார் மடித்தது என்று கேட்டதில்லை. உன்னைத்தான் கேட்டார்கள். "அந்தக் கைய விடாத புள்ள வரலையா?" என்று கேட்டார்கள்.

கையை விடாத பிள்ளை. அது பாசம் என்று அவர்கள் நினைத்தார்கள். நடிப்பு என்று நான் நினைத்தேன். நீ மூச்சு எண்ணிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். ஒரு நிமிடம் நாடி, ஒரு நிமிடம் மூச்சு. வார்டுக்குப் போன முதல் வாரமே சீனியர் அக்காக்கள் நமக்கு உண்மையான பாடத்தை எடுத்துவிட்டார்கள். "மூச்சுக்கு நார்மல் இருபதுதான், அதையே எல்லாருக்கும் போட்டுட்டு வாங்கடி. எண்ணிக்கிட்டு நின்னீங்கன்னா மெஸ்ஸுல இட்லி காலியாயிரும்." நான் போட்டுவிட்டு வந்தேன். வகுப்பில் எல்லோரும் போட்டோம். நீ மட்டும் தினமும் கடைசியாக வந்து, தீர்ந்துபோன சட்னிப் பாத்திரத்தை வழித்துக்கொண்டிருப்பாய்.

இரண்டாம் ஆண்டு மெடிக்கல் வார்டில் ஆறாம் படுக்கை எனக்கு, எதிர் வரிசை உனக்கு. ஆறில் இருந்தது மீமிசலில் மீன் விற்கும் அம்மா. காய்ச்சலோடு வந்து மூன்றாம் நாள். வார்டு முழுக்க அவர் குரல்தான் கேட்கும். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பார்த்து, "இதுல கெடக்குறது மீனா, மீனோட போட்டோவா?" என்று கேட்டு டாக்டரையே சிரிக்கவைத்தவர். அன்று காலை அவர் சிரிக்கவைக்கவில்லை. நான் தெர்மாமீட்டரை வைத்தேன், பதினைந்து நொடி நாடி பார்த்து நான்கால் பெருக்கினேன், இருபது என்று எழுதினேன். நகர்ந்தபோது என் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"ஏ ஆத்தா... அந்தக் கையப் புடிக்கிற புள்ளயச் செத்த வரச் சொல்லு."

நீ பன்னிரண்டு அடி தூரத்தில், முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாய்.

"அவ இன்னிக்கி லீவு," என்றேன்.

இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நான்கு வருடப் படிப்பில் ஒரு நோயாளியிடம் நான் சொன்ன ஒரே பொய், அதுவும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அவர் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஏழாம் படுக்கைக்குப் போனேன். என் கைதான் அவர் பக்கத்தில் இருந்தது, அவருக்கு வேண்டியிருந்தது உன் கை. அது எனக்கு எரிந்தது.

அரை மணி நேரம் கழித்து நீ பிரஷர் மிஷின் கேட்டு என் பக்கம் வந்தாய். ஆறைத் தாண்டும்போது நின்றாய். அவர் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கண் அவர் நெஞ்சுக்குப் போனதைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முழுதாக நின்றாய். பிறகு ஓடினாய். மூச்சு முப்பத்திநாலு. நகக்கண் நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் வந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள், ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது உன்னைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்று மதியம் மேடம் சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "யாரு இத முதல்ல கவனிச்சது?" நான் தரையைப் பார்த்தேன். நீ சொன்னாய்:

"இவதான் மேம். பாக்கச் சொல்லி என்னையக் கூப்புட்டா."

மேடம் அட்டையைப் பார்த்தார். மேல் வரியில் என் இருபது. கீழ் வரியில் உன் முப்பத்திநாலு. "அரை மணி நேரத்துல இருபதுலேருந்து முப்பத்திநாலு. அந்த மாற்றத்தப் புடிச்சிருக்க பாரு, அதாம்மா நர்சிங்," என்று என் தோளில் தட்டினார். எண்ணாமல் எழுதிய இருபது எனக்குச் சாட்சியாகிவிட்டது. அந்த வருடம் செவிலியர் தினத்தில் சிறந்த படுக்கையோரப் பராமரிப்புக்கான கேடயம் எனக்கு. அப்பா அதை டிவி மேல் வைத்து, வருபவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினார். கைதட்டியவர்களில் உன் கைதான் அதிகச் சத்தம்.

ஹாஸ்டலில் துணி துவைக்கும்போது உன்னிடம் கேட்டேன், "ஏன்டி அப்புடிச் சொன்ன?"

நீ சோப்பு நுரையை உதறிவிட்டுச் சொன்னாய்: "ஒனக்கு வேணும்னு தெரிஞ்சுச்சு. எனக்கு வேணாம். அதான்."

நீ இரக்கமில்லாமல் ஏதாவது பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். வேண்டாம் என்று சொல்ல முடிந்ததே உனக்கு, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஏங்கிச் செத்த ஒன்றை நீ ஈரத்துணியைப் போலப் பிழிந்து என் பக்கம் போட்டுவிட்டாய்.

மறுநாளிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். மனம் திருந்தி இல்லை. உன்னைத் தோற்கடிக்க. நீ ஒரு நிமிடம் பிடித்தால் நான் ஒன்றரை நிமிடம் பிடிப்பேன். நோயாளிகளின் நெஞ்சைப் பார்த்துப் பார்த்து, கனவில்கூடப் போர்வைகள் ஏறி இறங்கின. அதற்குப் பிறகு நான் எண்ணாமல் ஒரு எண்ணையும் எழுதியதில்லை. உனக்கு இது தெரியாது. நீ திரும்பிப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். நீ எப்போதும் யாரோ ஒருவரின் மணிக்கட்டோடு இருந்தாய்.

படிப்பு முடிந்து நீ திருச்சிக்கு வேலைக்குப் போனாய், நான் புதுக்கோட்டையிலேயே தங்கினேன். உன் காய்ச்சல் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று உன் அம்மா போனில் சொன்ன அன்று மதிய பஸ்ஸைப் பிடித்து வந்தேன். ஐசியூவில் முகமூடிக்குள் நீ சின்னதாக இருந்தாய். உன் அம்மா கட்டிலின் கால்மாட்டில் ஜெபமாலையோடு நின்றார். நான் உன் கையைப் பிடித்தேன். பிடித்துக்கொள்ளத்தான் பிடித்தேன், சத்தியமாக. ஆனால் விரல் தானாக நாடிக்குப் போயிற்று, கண் தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

நீ கண்டுபிடித்துவிட்டாய். "கள்ளி," என்றாய். "எண்ணுறியா?"

நான் எண்ணி முடித்தேன். மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறையும்.

"எவ்வளவு?"

உன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது," என்றேன்.

முகமூடிக்குள் நீ சிரித்தாய், அது இருமலாக முடிந்தது. மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய். "இருபதா... அப்ப... நீ இன்னும்... எண்ணலடி."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த நாள் உனக்கு மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். நான்காம் நாள், நீ போனபோது, எனக்கு டியூட்டி இருந்தது.

வியாழக்கிழமை அந்த மாணவியை நான் திட்டவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு ஆறாம் படுக்கையின் கதையைச் சொன்னேன். முதல்முறையாக உள்ளது உள்ளபடி. லீவு என்று சொன்னதையும் சேர்த்து. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அக்கா இப்ப எங்க வேல பாக்குறாங்க?" என்றாள். பார்த்தாயா? கதையைச் சொன்னது நான். அவளும் கேட்டது உன்னைத்தான்.

நேற்று ஞாயிறு. கேடயத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆவூருக்குப் போனேன். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கேடயத்தை முன்னால் வைத்துவிட்டு, திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடலை உடைக்கும் கை நிற்கவே இல்லை.

"அவதானே சொன்னா, நீதான் பாக்கச் சொன்னேன்னு? இங்க வந்தும் அதத்தான் சொன்னா."

"அவ பொய் சொன்னாம்மா."

"அட போ கண்ணு. பூசைக்குப் போகாமலே போயிட்டு வந்தேம்மான்னு சொல்லுவா. அதத் தவிர எம்மவ ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல." என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்க. மனசு வேற சரியில்ல போல. உள்ள வா, சாப்புடு."

சாப்பிட்டேன். கிளம்பும்போது பை கனத்தது. கேடயத்தைத் திரும்ப உள்ளே வைத்து, அதன் மேல் இரண்டு படி கடலையைக் கொட்டியிருந்தார். இப்போது அதில் செம்மண் வாசனை. சுவரில் மாலைக்குள் உன் படம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செத்துப்போன பிறகும் உன் பொய் செல்லுபடியாகிறது. உயிரோடு போய் நின்று நான் சொல்லும் உண்மை செல்லவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க உன்மேல் எரிச்சலாக வந்தேன். அந்த எரிச்சல் போய்விட்டால் நான் எண்ணுவதை நிறுத்திவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

சரி. வந்த விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன். கேடயம் என்னிடமே இருக்கட்டும், அது இனி மாறாது. ஆறாம் படுக்கையின் இருபதையும் நீயே வேண்டுமென்றே விட்டுவைத்தாய், அதுவும் இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு.

சார்ட்டில் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்தார்களே. அழிக்கக் கூடாது. மேலேயே எழுதக் கூடாது. தப்பு தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அன்று திருச்சியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன இருபதின்மேல் ஒரு கோடு போட்டுவிடு. பக்கத்தில் முப்பத்தாறு என்று எழுதிக்கொள். கையெழுத்து என்னுடையது.

நான் எண்ணினேன்டி. மூன்று முறையும் முப்பத்தாறு. நம்பு.