தோளில் வைத்த பஞ்சு

அன்புள்ள துணுக்குக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தையல் மெஷினுக்குத்தான் இருமல், எண்ணெய் விட்டால் ஒரு மணி நேரம் அடங்குகிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், அது கை எழுதிப் பழகிய வரி, இந்த முறை பதில் வேண்டும் என்று கேட்கிறேன். ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது, நெஞ்சில் பை வார் பட்டால்கூட வலிக்கிறது என்றாயே, டாக்டரிடம் சொன்னாயா. ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம். நீ வைத்துக்கொண்ட பெயர் என் வாய்க்குப் பழகிவிட்டது, கைக்கு இன்னும் பழகவில்லை, பேனா பழைய பெயருக்கே ஓடுகிறது. அதனால் இரண்டையும் விட்டு, வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவே நீ தவழ்ந்த காலத்தில் கடையில் எல்லோரும் கூப்பிட்ட பெயரையே எழுதியிருக்கிறேன்.

நான் அனுப்பிய நீலக் கவுன் திரும்பி வந்தது, நான் சுற்றிய அதே காகிதத்தில். உள்ளே நீ வைத்திருந்த சீட்டை அப்பாவுக்குக் காட்டவில்லை, அவர் எப்படியோ படித்துவிட்டார். அம்மா, இது அந்தப் பழைய பையனுக்குத் தைச்சது, இனிமே எனக்கு எதுவும் தைக்காதே, பதினெட்டாம் தேதி பழைய சட்டையிலயே வேலைக்குப் போறேன், என் தோளுக்கு அதுதான் லாயக்கு என்று எழுதியிருந்தாய். முதல் நாளே உன் பெயரோடும் உன் உடையோடும் அந்த அலுவலகத்துக்குள் போக வேண்டும் என்று நீ எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தச் சீட்டை ஊசிப் பெட்டியில் வைத்தேன். ஊசி எடுக்கும்போதெல்லாம் கையில் படுகிறது.

கவுனை மேஜையில் விரித்துப் பார்த்தது நம் கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்காதான், அவளுடைய வாய் உனக்குத் தெரியும். இது பொண்ணுக்கு வெட்டினதா ஹேங்கருக்கு வெட்டினதா என்று கேட்டாள். அளவு நோட்டைப் பார்த்துத்தானே வெட்டினேன் என்றேன். எந்த நோட்டு, அந்தப் பையன் நோட்டா, அவ உடம்பு அங்க வளந்துட்டிருக்கு, நீ செத்த அளவ வச்சு வெட்டியிருக்க என்றாள். அக்கா அதைச் சொல்லிவிட்டு பட்டன் தைக்கப் போய்விட்டாள். எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. நோட்டை எடுத்து உன் பக்கத்தைத் திறந்தேன். தோள், மையில் பதினேழு. அதன் மூலையில் பென்சிலில், அழித்த மாதிரியும் அழிக்காத மாதிரியும், பதினைந்தேமுக்கால். நான் வெட்டியது மையைப் பார்த்து.

அந்தப் பென்சில் கணக்கை நீ பார்த்ததில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இந்தக் கையால் இனி எதையும் வெட்ட முடியாது. உனக்குப் பதினாலு வயதில் ஒரு மத்தியானம் நான் பட்டன் கடைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். வாடிக்கைக்காரர் ஒருவருக்குத் தைத்து மாட்டியிருந்த கவுனைப் போட்டுக்கொண்டு நீ கண்ணாடி முன் நின்றாய். நான் வாசலிலேயே நின்றுவிட்டு, செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி மறுபடி வந்தேன். உன்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, பெரிய புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அதற்கு அடுத்த வாரம் தைத்த சட்டையிலிருந்து உன் தோளில் பஞ்சு வைத்தேன். தோள்பட்டையின் இரண்டு துணிக்கும் நடுவில், வெளியே தெரியாமல், விரல் கனத்துக்கு ஒரு பஞ்சுத் தகடு. சட்டை நிமிர்ந்தால் பிள்ளையும் நிமிர்ந்துவிடும் என்று நினைத்தேன். பத்து வருஷம், எல்லாச் சட்டையிலும். உன் தோளைப் பென்சிலில் எழுதினேன், எனக்கு வேண்டிய தோளை மையில் எழுதினேன். நீ கண்ணாடியில் பார்த்து வெறுக்கிற அந்தத் தோளில் பாதி நான் தைத்தது, கண்ணு.

முன்னறையில் நிற்கிற தையல் பொம்மை உனக்கு நினைவிருக்கும், உன் அளவுக்குப் பஞ்சு சுற்றி வைத்தது. நீ போன பிறகும் அதில் ஒரு சட்டை மாட்டியே கிடந்தது. விளக்குப் போடும் முன் உள்ளே வந்தால் ஜன்னலோரம் யாரோ தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும், நானும் தள்ளிக்கோ என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போவேன். அப்பா ஒருநாள் அதன் மேல் போர்வையைப் போட்டார், அது இன்னும் மோசம், போர்வைக்குள் ஆள் அழுவது மாதிரி. கவுன் வந்த மறுநாள் சட்டையைக் கழற்றி, சுற்றியதை எல்லாம் பிரித்தேன். கூடை நிறையப் பஞ்சு வந்தது, கடைசியில் கடையில் வாங்கிய வெறும் பொம்மை, யார் சாயலும் இல்லை. பிறகு நீ விட்டுப்போன பதினோரு சட்டைகளையும் எடுத்துத் தோளைப் பிரித்தேன். தகட்டை உருவிய பிறகும் துணி தோள் மாதிரியே எழுந்து நின்றது, நீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை மூன்று முறை அழுத்திய பிறகுதான் படிந்தது. அப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்து, கூடையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் காலை அந்தச் சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எனக்கே தச்ச மாதிரி இருக்கே என்றார். தோள் அவருக்கு இழையளவும் தொங்கவில்லை. அப்பாவின் தோளை அகலம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, நீகூட. அப்புறம் வாசலில் நின்று, அவகிட்ட சொல்லு, அப்பன் தோள்தான் அவளுக்கு, வேற ஒண்ணும் இல்ல என்றார். அவர் வாயிலிருந்து அவளுக்கு என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கவுனைப் பிரித்து மறுபடி வெட்டி இதோடு அனுப்புகிறேன். தோளைப் பென்சில் அளவுக்கே குறைத்தேன், கழுத்தை ஆங்கில வி எழுத்துப்போல் இறக்கினேன், பார்க்கிறவர் கண் குறுக்கே ஓடாமல் கீழே இறங்கும். கைக்குச் சுருக்கு வேண்டாம், கடையில் ஆசையாக இருந்தாலும் புசுபுசுக் கை வாங்காதே, முழங்கைக்குக் கீழே முடிகிற நேரான கைதான் உனக்கு. இடுப்புத் தையலை ஓரங்குலம் மேலே ஏற்றி, அதிலிருந்து கீழே அகலமாக விரிய விட்டிருக்கிறேன், இடுப்புக்குக் கீழே அகலம் இல்லையே என்றாயே, துணி அதைச் செய்துகொள்ளும். மேலே அடர்ந்த நிறம், கீழே வெளிர் நிறம் என்று எடு. உடம்பை மறைக்கத் தொளதொளவென்று போடாதே, அது உள்ளே இருப்பதை இரண்டு மடங்காக்கிக் காட்டும். நெஞ்சுப் பக்கம் இரண்டு புறமும் ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து விட்டிருக்கிறேன், உடம்பு இன்னும் இரண்டு மூன்று வருஷம் மாறும் என்று டாக்டர் சொன்னாரே, அப்போது பிரித்து விடலாம், அதுவரை நிறைய வாங்கிச் சேர்க்காதே. தோளையும் பக்கத்தையும் வெள்ளை நூலில், இழுத்தால் வந்துவிடுகிற ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கிறேன். போட்டுப் பார், தோழி யாராவது குண்டூசி குத்தட்டும், ஊசியோடு திருப்பி அனுப்பினால் ஒரே நாளில் முடித்து அனுப்புகிறேன், பதினெட்டுக்குள் வந்து சேரும். என்னிடம் அனுப்ப மனமில்லை என்றால் அங்கேயே நல்ல தையல்காரரிடம் கொடு, நான் வருத்தப்பட மாட்டேன், கொஞ்சம் படுவேன். நோட்டில் புதுப் பக்கம் திறந்திருக்கிறேன். நீ வைத்துக்கொண்ட பெயரை நாலு முறை வேறு காகிதத்தில் எழுதிப் பழகி, ஐந்தாம் முறை தலைப்பில் மையில் எழுதினேன். கீழே எல்லா அளவுக் கட்டமும் காலி.

வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே, உன்னைப் பார்க்கிற கண்ணெல்லாம் நல்ல கண்ணாக இருக்கட்டும், போகிற இடத்தில் உனக்கென்று ஒரு நாற்காலி இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். நீ அங்கே கொண்டுபோன நாலு சட்டையிலும் பஞ்சு இருக்கிறது. தோளின் உட்புறம் விரலால் தடவிப் பார், கைக்குழி ஓரத்தில் மூன்று தையல்தான், பிளேடு நுனியால் அறுத்தால் வந்துவிடும். கண்ணாடி முன் நின்று செய்யாதே. எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடு, அப்புறம் பார்.

இப்படிக்கு
உன் அம்மா