ஒன்பதாம் இலக்கச் சட்டை

ஜூன் 6, சனி

காலையிலிருந்து தூறல். குடை கந்தோரில். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் யாரோ ஒருவரின் பலாப்பழத்துக்கும் கதவுக்கும் நடுவே நான்.

ஹனிபாவின் இரும்புக் கடை, பின்னறை. வழக்கமான நால்வர். ஹனிபா, தபால் கந்தோர் பண்டார, புசல்லாவையிலிருந்து ராஜு மாஸ்டர், நான். மாஸ்டரைத் தவிர மற்ற மூவரும் ஒரே கூடைப்பந்துக் கழகம், ஒரே காலம். நானும் பண்டாரவும் ஆடினோம். ஹனிபா புள்ளி எழுதினான்.

அவனுடைய மருமகன் கட்டாரிலிருந்து வீடியோ கசெட் அனுப்பியிருக்கிறான். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து, பழையதும் புதியதும் கலந்து பதிந்தது. நடுநடுவே அரபு விளம்பரம். மூன்று மணித்தியாலம் பார்த்தோம், இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். அந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே சிறந்த எறிகாரன் யார்? வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நிற்காததால் நாங்களே பெயர் வைத்திருக்கிறோம்: இடக்கையன், மீசைக்காரன், கொக்கு.

மாஸ்டர் மீசைக்காரன் கட்சி. பாடசாலைக் கொப்பியில் சிவப்பு மையால் கணக்கு.

"நூத்துக்கு எத்தன விழுது? அத மட்டும் சொல்லுங்க சார். மத்ததெல்லாம் கத."

ஹனிபாவுக்குக் கடைசி நிமிடம் மட்டும்தான் ஆட்டம். மற்ற நேரம் போட்டதெல்லாம் கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மாதிரியாம். ஆகவே இடக்கையன். பண்டார கொக்குக்காக வாதாடினான். காரணம், பார்க்க அழகு. எறியத் தெரியாதவர்களுக்கு எல்லாம் அழகு.

நான் சொன்னது: எறிகாரனைக் கையில் பார்க்கக் கூடாது, முழங்காலில் பார்க்க வேண்டும். களைத்த பிறகும் முழங்கால் அதே அளவு மடிகிறதா? மீசைக்காரனுக்கு மடியவில்லை, ஓடவிட்டுப் பாருங்கள் என்றேன். யாரும் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்துவிட்டது.

இந்த மூன்று புள்ளிக் கோடு வேறு. நான் ஆட்டத்தை விட்ட பிறகு கீறினார்கள். அதற்கு வெளியே நின்று நான் போட்டதெல்லாம் இரண்டு. இப்போது கசெட்டில் ஒவ்வொரு மடையனுக்கும் மூன்று.

ஜூன் 7, ஞாயிறு

மழை இல்லை. கறையான் அலுமாரிக்குப் பின்னால். மண்ணெண்ணெய் அடித்தேன்.

பகல் பொலிஸ் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மச்சாளுக்காக, மனைவியின் தங்கைக்காக. கனடா விசா வரும்வரை எங்களோடு. மாதம் ஒரு தரம் வந்து அலுமாரிக்குள்ளும் பார்க்கிறார்கள். புதிய படிவம். வீட்டுக்காரன் நான், ஆகவே நானும் நிரப்ப வேண்டும். ஒரு கேள்வி: எப்போதாவது வேறு பெயரில் இருந்ததுண்டா? இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

மச்சாள் அவர்களுக்குப் பால் விடாத பிளேன்ரீ கொடுத்தாள். அவர்களில் சின்னவன் ஒருத்தன் சீனி போதாது என்றான். கொண்டுவந்து போட்டாள்.

ஜூன் 9, செவ்வாய்

கழகத்திலிருந்து கடிதம். ஐம்பதாவது வருடமாம். மண்டபத்தில் பலகை ஒன்று மாட்டப் போகிறார்கள்: கழக வரலாற்றின் சிறந்த எறிகாரர் ஐவர். பழைய புள்ளிப் புத்தகங்களின்படி, ஓர் ஆட்டத்தில் கூடிய புள்ளி எடுத்தவர் முதலாமிடம். ஆட்சேபம் இருந்தால் 20ஆம் திகதிக் கூட்டத்தில் சொல்லலாம். பட்டியல் சிங்களத்தில், ஆங்கிலத்தில்.

1. பண்டார. 34 புள்ளி. குருநாகல், 1977.
5. நான். 21.

நடுவில் இருப்பவர்களுக்கு மை வீண்.

அந்த 34 என்னுடையது.

எங்கும் எழுதப்படாதபடியால் இங்கே எழுதுகிறேன். எழுபத்தேழு ஆகஸ்ட், தமிழருக்கு எதிரான கலவரம். அடுத்த மாதம் குருநாகலில் இறுதி ஆட்டம். அணியில் தமிழன் நான் ஒருவன். வழியில் எங்கள் வான் வண்டியை மறித்தால்? மண்டபத்தில் பெயர் வாசித்தால்? பயிற்சியாளருக்குத்தான் முதலில் பயம், பிறகு எனக்கு. பண்டாரவுக்குக் கணுக்கால் வீக்கம், ஆட முடியாது. அவனுடைய பெயரில் நீ ஆடு என்றார். அவனுடைய ஒன்பதாம் இலக்கச் சட்டையை நான் போட்டேன். அவன் தோளில் துவாய்த் துண்டோடு ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். ஹனிபா புத்தகத்தில் எழுதினான்: 9, பண்டார. வென்றோம். வெளியே தெரிந்தால் கோப்பையைப் பறித்துவிடுவார்கள், ஆகவே யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம். மனைவிக்கும் சொன்னதில்லை.

குருநாகல் கூட்டம் எங்கள் பக்கம். எதிரணி கொழும்பு. மண்டபம் முழுவதும் "பண்டார, பண்டார" என்று கத்தியது. கத்தக் கத்த விழுந்தது. ஒரு தரம் திரும்பிக் கையும் காட்டினேன். நினைத்தால் இன்றைக்கும் வாயெல்லாம் புளிப்பு.

ஜூன் 13, சனி

தூறல். கசெட் பாதியில் சிக்கி நாடா வெளியே வந்துவிட்டது. ஹனிபா பென்சிலால் சுற்றிச் சரிசெய்தான்.

மாஸ்டர் கணக்கை மாற்றி வந்திருக்கிறார். வீதக் கணக்கு போதாதாம். சொந்த ஊரில் போட்டதைக் கழிக்க வேண்டுமாம்.

"நம்ம ஆளுங்க கை தட்டுறப்ப எவனும் போடுவான் சார். இருபதாயிரம் பேர் அவனோட அம்மாவ இழுத்துத் திட்டுறப்ப போடணும். அவன்தான் எறிகாரன்."

அந்தக் கணக்கில் இடக்கையன் விழுந்தான். கொக்கு அடியோடு போய்விட்டான். மீசைக்காரன் நின்றான். மாஸ்டருக்குக் குருநாகல் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் என் 34ஐயும் கழித்திருப்பார். திட்ட வேண்டிய கூட்டம் எனக்குக் கைதட்டியது, என்னை வேறு யாரோ என்று நினைத்து.

மாஸ்டர் புசல்லாவை பஸ்ஸுக்கு எழும்பிப் போனதும் ஹனிபா கடைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இருவதாந் திகதி சொல்லிருங்க. புத்தகத்துல என்ட கையெழுத்து ஈக்கு. நான் வந்து சொல்றேன், நான்தான் மாத்தி எழுதினேன்டு. பதினஞ்சு வருசமா நெஞ்சுல ஈக்கு எனக்கு."

பண்டார வடை தின்றுகொண்டிருந்தான். பெயரையும் வடையோடு விழுங்குகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு முதலாமிடம். மூன்று வருடம் ஒரே அணியில் ஆடி, ஓர் ஆட்டத்திலாவது பத்துப் புள்ளி எடுத்தானோ தெரியாது.

ஜூன் 17, புதன்

கந்தோரில் பதவி உயர்வுப் பட்டியல். நான் இல்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் நான் சித்தியடையவில்லையாம். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு மாலை முழுக்க என்னைச் சிங்களவன் என்று ஒரு மண்டபமே நம்பியதே, அதற்கு ஏதாவது சான்றிதழ் கொடுப்பார்களா?

20ஆம் திகதி சொல்வது என்று முடிவு. என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். மூன்று வாக்கியம். போதும்.

ஜூன் 20, சனி

கூட்டம் நாலு மணிக்கு. கழக மண்டபம். புதுச் சுண்ணாம்பு வாடை. முப்பது கதிரை, பன்னிரண்டு பேர். ஹனிபா புத்தகத்தைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். செயலாளர் ஓர் இளம் சட்டத்தரணி, எல்லாவற்றையும் விரைவாக முடிக்கப் பார்க்கிறவர். ஆட்சேபம் உண்டா என்றார்.

நான் எழும்புவதற்குள் பண்டார எழும்பினான்.

குருநாகலில் தான் ஆடவே இல்லை என்றான். கால் வீக்கம், வாங்கில் இருந்தேன், அந்த 34 இவருடையது என்று என்னைக் காட்டினான். சிங்களத்தில், நிறுத்தி நிறுத்தி. வியர்வை. இதை அவன் நெடுநாளாகத் தயார் செய்திருக்கிறான். போன சனிக்கிழமை வடையோடு அவன் மென்றுகொண்டிருந்தது இதைத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அப்படியானால் எழுத்தில் தாருங்கள், வேறொருவர் பெயரில் ஆடியதாக, அடையாள அட்டை இலக்கத்தோடு. கழகத்தின் காப்பாளர் பொலிஸ் உயர் அதிகாரி என்பதால் திருத்தங்கள் எல்லாம் ஒரு பிரதி அவருக்குப் போகும், வெறும் ஒழுங்குக்காக.

வேறு பெயரில் இருந்ததில்லை என்று இரண்டு கிழமைக்கு முன் பொலிஸுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். வீட்டில் விசாவுக்குக் காத்திருக்கும் மச்சாள்.

"நான் அந்த ஆட்டத்துக்குப் போகவில்லை," என்றேன். "அந்தக் கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றேன். பண்டாரவுக்கு மறதி."

ஒருவன் சிரித்தான். ஹனிபா சுற்றிய பத்திரிகையைப் பிரிக்கவேயில்லை. அப்படியே கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

படியில் பண்டார மறித்தான். அவன் தமிழ் பேசுவது வருடத்துக்கு ஒரு தரம்.

"ஏன் மச்சான்? நான் சொன்னதானே. எனக்கு அந்தப் பேர் வேணாம்."

"நீ எழும்பி உண்மை சொல்லலாம், பண்டார," என்றேன், அவனுடைய பாசையில். "சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். உன் வீட்டு அலுமாரியை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்."

அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 21, ஞாயிறு

வெயில். பாய், தலையணை காயவைத்தோம்.

அருவருப்பு, வரிசையாக: செயலாளரின் பேனா. காப்பாளர், அவரை நான் பார்த்ததே இல்லை. பண்டாரவின் நேர்மை. பதினைந்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்கு வாய் திறக்க முடியாத வருடத்தில் வந்து திறந்த நேர்மை. பிறகு நான். பயந்து பொய் சொன்னது அல்ல, அதை ஒருவன் விளங்கிக்கொள்வான். சொல்லி முடித்ததும் வந்த நிம்மதி.

ஜூன் 27, சனி

ஹனிபா கடைக்குப் போகவில்லை. போகாதது யாருக்கும் தெரிந்ததாகவும் இல்லை. மாஸ்டர் மட்டும் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கூப்பிட்டார். கொக்கைப் பற்றிப் புதுக் கணக்கு ஒன்று கிடைத்ததாம், வெளியூர் ஆட்டங்களில் அவன்தான் மேல், நேரில் சொல்கிறேன் சார் என்றார். பிறகு பார்ப்போம் என்றேன்.

ஜூன் 28, ஞாயிறு

மழை. கழகத்திலிருந்து இறுதிப் பட்டியல், ஆள் மூலம். பண்டார தன் பெயரை எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டானாம்.

1. பெயர் உறுதிப்படவில்லை. 34 புள்ளி.
5. நான்.

மனைவி எனக்கு முன் பிரித்து வாசித்துவிட்டாள்.

"என்னப்பா, ஐஞ்சாம் இடம் எண்டா சும்மாவோ? ஒரு சொல்லும் சொல்லேல்லையே எங்களுக்கு."

அக்காவும் தங்கையும் சேர்ந்து பாயாசம் வைத்தார்கள். முந்திரிகை வற்றல்கூடப் போட்டு. குடித்தேன்.